பின் சில்லின் கோணல்

மோட்டார்க் காரைத் திருப்பும் கருவிக்குச் சுக்கான் என்று பெயர். இச்சொல் கடலிலிருந்து கரைக்கு வந்தது. தோணியிலும் கப்பலிலும் சுக்கான் இருக்கும் இடம் பின்புறமாகும். பின்னே இருக்கும் அந்தப் பலகை சற்றே சாய்ந்தால், முன்னே இருக்கும் தலைப்பு வேறு திசை நோக்கும். கடலோடிகள் அனைவரும் அறிந்த உண்மை இது. காரிலோ சுக்கான் சாரதியின் கைக்கு வந்துவிட்டது. அது திருப்புவது முன் சில்லுகளையே. ஆதலால் பின் சில்லுகள் வெறுமனே தொடர்ந்து வருவன, வழிகாட்டுவதில் அவற்றுக்குப் பங்கில்லை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. கார் எத்திசையில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில் பின் சில்லுகளுக்கும் பெரும் பங்குண்டு. பின் சில்லுகள் கோணினால், சாரதி தம்மை அறியாமலே இரண்டு சுக்கான்களுடன் போராடுகிறார்.

தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ஓடும் காரில் இந்தக் கோணல் எளிதில் நேர்வதில்லை. காரின் தாங்கும் உறுப்புகளை மாற்றி, வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் ஸ்பிரிங்குகளையும் புயங்களையும் புஷ்களையும் பூட்டும்போதுதான் இது பெரும்பாலும் தலைகாட்டுகின்றது.

ஓர் இளைஞரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவரிடம் 1990களில் செய்யப்பட்ட ஹொண்டா சிவிக் கார் ஒன்று இருக்கிறது. கார் சற்றுத் தாழ்ந்து நின்றால் அழகாக இருக்கும், வளைவுகளில் உறுதியாக ஓடும் என்று கருதி, உயரம் குறைந்த ஸ்பிரிங்குகளை வாங்கிப் பூட்டுகிறார். பழைய இறப்பர் புஷ்களையும் அத்துடன் மாற்றுகிறார். வேலை முடிந்து வீதிக்கு வந்ததும், கார் நேரே ஓடும்போது சுக்கான் இடப்பக்கம் திரும்பி நிற்பதைக் காண்கிறார். பக்கத்துக் கராஜில் முன் சில்லுகளின் இணைப்புத் தண்டுகளைத் திருகிச் சுக்கானை நேராக்கிக் கொடுக்கிறார்கள். இளைஞருக்குப் பெருந்திருப்தி. சில வாரங்களின் பின் ஒரு மழைநாளில், வலப்பக்க வளைவு ஒன்றில், காரின் பின்புறம் வெளிநோக்கி வழுக்குகிறது. நல்லவேளையாக எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், இடப் பின் ரயரின் பூக்கள் வாளின் பற்களைப்போல ஒரு பக்கம் கூராகத் தேய்ந்திருக்கின்றன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இவ்விளைஞர் வீதியையும் மழையையும் ரயரையும் மாறிமாறிக் குறை கூறினார். கடைசியில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் போனார். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "தம்பி, சுக்கானைத்தான் நேராக்கியிருக்கிறார்கள்; காரை நேராக்கவில்லை" என்றார்.

"அண்ணை, அது எப்படி?" என்று இளைஞர் கேட்டார். அந்தக் கேள்விக்குரிய விடையே இப்பேச்சின் பொருளாகும்.

சில்லு நிற்கும் நிலையை மூன்று கோணங்களால் அறியலாம். முதலாவது, மேலிருந்து நோக்கும்போது சில்லு எத்திசையைப் பார்க்கின்றது என்பது. மனிதன் நிற்கும்போது கால்விரல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பதைப் போன்றது இது. கராஜ்களில் இதனை ரோ என்பார்கள். உள்நோக்கினால் ரோ-இன், வெளிநோக்கினால் ரோ-அவுட். இரண்டாவது, முன்னிருந்தோ பின்னிருந்தோ நோக்கும்போது சில்லின் மேல்விளிம்பு உட்பக்கம் சாய்ந்துள்ளதா வெளிப்பக்கம் சாய்ந்துள்ளதா என்பது. இதற்குக் கம்பர் என்று பெயர். கவிச்சக்கரவர்த்திக்கும் இதற்கும் உறவில்லை! மூன்றாவது, இரு பின் சில்லுகளும் சேர்ந்து காரை எத்திசையில் தள்ளுகின்றன என்பது. இதனை உந்து கோணம் எனலாம். காரின் நடுக்கோடும் இந்த உந்து திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், கார் நண்டைப்போல உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும்.

இளைஞரின் காரில் இடப் பின் சில்லு அரைப் பாகை வெளிநோக்கி நின்றது. வலப் பின் சில்லு நேராகவே இருந்தது. இரண்டும் சேர்ந்து காரின் பின்புறத்தைக் காற்பாகை அளவு இடப்பக்கம் தள்ளின. அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்க முன் சில்லுகளும் காற்பாகை இடப்பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. சுக்கானைப் பதினாறு பாகை திருப்பினால் முன் சில்லு ஒரு பாகை திரும்பும் காரில், காற்பாகைத் திருப்பம் சுக்கானில் நான்கு பாகையாகத் தெரியும். ஆகவே சுக்கான் கோணி நின்றது நோயன்று, நோயின் அறிகுறியே. முதற் கராஜில் அந்த அறிகுறியை மறைத்தார்கள், நோயைத் தொடவில்லை. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் நீங்கிற்று என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

மழைநாள் வளைவில் நடந்ததற்கும் காரணம் இதுவே. கார் வலப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் இடப்பக்கச் சில்லுகள்மேல் விழுகின்றது. பாரம் தாங்கும் அந்த இடப் பின் சில்லு வளைவின் வெளிப்புறத்தை நோக்கி நின்றால், காரின் பின்புறத்தை அது வெளியே இழுத்துச் செல்லும். காய்ந்த வீதியில் ரயரின் பிடிப்பு அதனை அடக்கிவிடும்; ஈரவீதியில் அடக்க முடிவதில்லை. இக்காரணம் பற்றியே பெரும்பாலான கார்களில் பின் சில்லுகளைச் சிறிதளவு உள்நோக்கி நிறுத்துகிறார்கள்.

அரைப் பாகை மிகச் சிறிய அளவல்லவா என்று நேயர்கள் ஐயுறலாம். ஒரு பாகை கோணிய சில்லு ஒரு கிலோமீற்றர் ஓடும்போது, ஏறத்தாழ 17 மீற்றர் தூரம் பக்கவாட்டில் உரசப்படுகின்றது. அரைப் பாகைக்கு இது சுமார் ஒன்பது மீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 400 கிலோமீற்றர் எனக் கொண்டால், அந்தச் சில்லின் ரயர் வழிநெடுகத் தாரில் உரசப்படும் தூரம் மூன்றரைக் கிலோமீற்றர் ஆகும். புதிய ரயர் சில மாதங்களில் தேய்ந்துபோவதில் வியப்பென்ன? ரயரின் உள்விளிம்பு தேய்ந்தால் கம்பரே காரணம் என்று உடனே முடிவு கட்டுவது வழக்கம். கம்பரும் அவ்வாறு தேய்க்கும். ஆனால் மெதுவாகவே தேய்க்கும். உள்ளங்கையை ரயரின் குறுக்கே இருபுறமும் தடவிப் பார்க்க வேண்டும். ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் கூராகவும் இருந்தால் குற்றவாளி ரோ என்று அறியலாம்.

இனி, காரின் பின்பகுதி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் சிகிச்சை தொடங்கலாகாது. அதில் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு. 1948ஆம் ஆண்டு வெளிவந்து, இன்றும் இலங்கை வீதிகளில் அன்புடன் பேணப்படும் மொறிஸ் மைனர் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் பின் அச்சு, தகடுகளை அடுக்கிய இரு ஸ்பிரிங்குகளின்மேல் இருக்கிறது. ஸ்பிரிங்கின் நடுவே ஓடும் போல்ற்றின் தலை, அச்சின் அடியிலுள்ள துளையில் பொருந்தி அச்சை இடத்தில் நிறுத்துகின்றது. புதிய ஸ்பிரிங் பூட்டும்போது அத்தலை துளையில் அமரவில்லையானால், அல்லது இரண்டு ஸ்பிரிங்குகளிலும் நடுப் போல்ற்றின் இடம் ஒத்திராவிட்டால், அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி நிற்கும். ஒரு பக்கம் பத்து மில்லிமீற்றர் பின்வாங்கினாலே உந்து கோணம் அரைப் பாகையை நெருங்கிவிடும். இங்கே ரோவைத் திருகிச் சரிசெய்ய எந்த உறுப்பும் இல்லை. முன் சில்லின் மையத்துக்கும் பின் சில்லின் மையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை இரு பக்கமும் அளந்து, அச்சைச் சரியான இடத்தில் அமர்த்துவதே வழி.

இரண்டாவது வகை, முறுகிக் கொடுக்கும் குறுக்குச் சட்டம். ரொயோட்டா விற்ஸ் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் இதனைக் காணலாம். இதிலும் திருகிச் சரிசெய்யும் இடம் பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. கோணல் இருந்தால், சட்டம் வளைந்துள்ளதா, அதனைக் காரின் உடலோடு இணைக்கும் புஷ் பழுதடைந்துள்ளதா, சில்லின் மையம் அடிபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். சிறு வேறுபாட்டைச் சில்லு மையத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஆப்புப்போன்ற மெல்லிய தகடு வைத்து நீக்குவதுண்டு.

மூன்றாவது வகையில் ஒவ்வொரு சில்லும் தனித்தனிப் புயங்களால் தாங்கப்பட்டுத் தனித்தனியே ஏறி இறங்கும். இளைஞரின் சிவிக் கார் இவ்வகையினது. அதன் மேற்புயம் கீழ்ப்புயத்தினும் குறுகியது. ஆகவே கார் தாழும்போது சில்லின் மேல்விளிம்பு உட்பக்கம் இழுக்கப்படும். ரோவும் உடன் மாறும். முன்புறத்தில் ஒரு சிறு புயம் இருக்கிறது. அதன் உட்பக்கப் போல்ற் நீண்ட துளையொன்றில் நகரக் கூடியது. ரோவைச் சரிசெய்யும் இடம் அதுவே. கம்பருக்குத் தொழிற்சாலை எந்தத் திருத்தமும் வைக்கவில்லை. நீளத்தை மாற்றக்கூடிய மேற்புயங்களை வேறு நிறுவனங்கள் விற்பது இதற்காகவே.

வகையை அறிந்தபின் நோயறியும் முறைக்கு வரலாம். நல்ல வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் நோயாளியின் வரலாற்றைக் கேட்பார். அதுபோலக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கடைசியாகக் கழற்றப்பட்டது எது என்பதாகும். நேற்றுவரை நேராக ஓடிய கார் இன்று கோணி ஓடினால், இடையில் கைபட்ட இடத்திலேயே குற்றம் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கேள்வி, கோணல் ஒரு பக்கத்திலா இரு பக்கத்திலுமா என்பது. இக்கேள்வியை மறவாதவர் பாதி வேலையை முடித்தவராவர். இரு பக்கமும் ஒரே அளவில் மாறியிருந்தால், அது காரைத் தாழ்த்தியதன் இயல்பான விளைவு. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால், அங்கே ஏதோ பிழையாகப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் நுனி அதற்குரிய பள்ளத்தில் அமராமல் இருக்கலாம். இடப்பக்கப் புயம் வலப்பக்கத்தில் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். பழைய குழியொன்றில் விழுந்து புயம் வளைந்திருக்கலாம்.

அளவு கருவியைத் தேடுமுன் சில எளிய சோதனைகளை முடித்துவிட வேண்டும். நான்கு ரயர்களின் காற்றழுத்தமும் குறித்த அளவில் இருக்க வேண்டும். ஒரே அச்சிலுள்ள இரண்டு ரயர்களும் ஒரே அளவினவாக இருக்க வேண்டும். கார் ஒரு பக்கம் இழுத்தால், முன் ரயர்கள் இரண்டையும் இடம்மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுவையும் பக்கம் மாறினால் குறை ரயரில் இருக்கிறது. ஒரே திசையில் மட்டும் ஓடுவதற்கென வார்க்கப்பட்ட ரயர்களை இவ்வாறு மாற்றலாகாது. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் மையத்திலிருந்தும் மேலுள்ள மட்காட்டின் விளிம்புவரை அளந்தால், கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்பது தெரியும். சில்லைத் தூக்கி அசைத்து, பெயாரிங்கிலும் புஷ்களிலும் ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆட்டமுள்ள காரில் செய்யும் அளவு மணலில் போட்ட கோலம்தான்.

அடுத்தது, பலர் அறியாத ஒரு நுட்பம். காரை ஜக்கில் தூக்கிச் சில்லுகள் தொங்கும் நிலையில் வேலை செய்பவர்கள், அதே நிலையில் புயங்களின் போல்ற்றுகளையும் இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் இறப்பர் தன் உலோக உறைகளோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் அதனை இறுக்கினால், தொங்கும் நிலையே அதற்கு இயல்பு நிலையாகிவிடும். கார் தரையில் நிற்கும்போது இறப்பர் எந்நேரமும் முறுகியபடி இருக்கும், காரை அந்தப் பக்கம் சற்று உயர்த்தியும் பிடிக்கும், விரைவில் கிழியும். ஆகவே போல்ற்றுகளை முதலில் இலேசாகப் பூட்டி, காரின் பாரம் சில்லுகள்மேல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே, குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாயின் அளக்கலாம். விலையுயர்ந்த பொறி இல்லாத இடத்திலும் நூலும் அளவுகோலும் தூக்குக்குண்டும் கொண்டு ஓரளவு நம்பகமாக அளக்க முடியும். காரைச் சமதரையில் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்புறத்தைச் சிலமுறை அமுக்கி விட வேண்டும். தூக்கி இறக்கிய கார் உடனே தன் இயல்பு நிலைக்கு வருவதில்லை. பின்னர் முன் சில்லுகளை நேராக வைத்து, காரின் இரு பக்கமும் சில்லு மையத்தின் உயரத்தில் இரண்டு நூல்களை இறுக்கிக் கட்ட வேண்டும். முன் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். பின் மையத்திலிருந்தும் அவ்வாறே. முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் பல கார்களில் வேறுபடுமாதலால், முன்னளவும் பின்னளவும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இப்போது பின் சில்லின் றிம்மில் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூலுக்குள்ள தூரத்தை அளக்கலாம். முன்விளிம்பு நூலுக்கு அருகில் இருந்தால் சில்லு வெளிநோக்கியது. பின்விளிம்பு அருகில் இருந்தால் உள்நோக்கியது. குறுக்களவு 400 மில்லிமீற்றர் கொண்ட றிம்மில், மூன்றரை மில்லிமீற்றர் வேறுபாடு அரைப் பாகைக்குச் சமன். அதே றிம்மின் முன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்துள்ள தூரத்தை அளந்தால் கம்பர் கிடைக்கும்; ஏழு மில்லிமீற்றர் வேறுபாடு ஒரு பாகை. றிம் சற்று நெளிந்திருந்தால் அளவு பொய்யாகும். ஆகவே சில்லு அரைச்சுற்று உருளும்படி காரை நகர்த்தி, நூலை முன்போல் அமைத்து, மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியைக் கொள்வது நன்று.

திருத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு. பின்னதை முதலிற் செய்து முன்னதைப் பிறகு செய்ய வேண்டும். பின் சில்லுகள் தள்ளும் திசையை அறிந்த பின்னரே முன் சில்லுகளை அதற்கு இசைய நிறுத்த முடியும். பின்புறத்திலும் கம்பரை முதலில், ரோவைக் கடைசியில் திருத்த வேண்டும். கம்பர் மாறும்போது ரோவும் மாறுமாதலால், முறை பிறழ்ந்தால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும். ஒவ்வொரு காருக்கும் உரிய அளவு அதன் கைந்நூலில் இருக்கும். திருத்தும் போல்ற் தன் துளையின் கடைசி எல்லைக்குப் போயும் அளவு வரவில்லையென்றால், துளையை அராவிப் பெரிதாக்குவது பேராபத்து. வளைந்த புயமோ, மிகையாகத் தாழ்த்திய உயரமோ, பிழையான உறுப்போ அங்கே இருக்கின்றது என்பதையே அது அறிவிக்கின்றது.

நம் இளைஞரின் காரில் அந்த மெக்கானிக் கண்டது என்ன? இரு பின் சில்லுகளும் ஒரே அளவில் உட்பக்கம் சாய்ந்திருந்தன. அது தாழ்த்தியதன் விளைவு. திருத்தக்கூடிய மேற்புயங்களால் அதனைக் குறைத்தார். ஆனால் ரோ இடப்பக்கம் மட்டுமே மாறியிருந்தது. முன்பு புஷ் மாற்றியவர், இடப்பக்கச் சிறு புயத்தின் போல்ற்றை அடையாளம் இடாமல் கழற்றி, நீண்ட துளையில் கண்டபடி பூட்டியிருந்தார். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கீறியிருந்தால் இத்தனை தொல்லையும் நேர்ந்திராது. மெக்கானிக் புஷ்களின் போல்ற்றுகளைத் தளர்த்தி, காரைத் தரையில் நிறுத்திய நிலையில் மீண்டும் இறுக்கினார்; இரு பக்க ரோவையும் குறித்த அளவுக்குக் கொண்டுவந்தார்; முதற் கராஜில் மாற்றிய முன் தண்டுகளையும் கடைசியாகத் திருத்தினார். சுக்கான் நேரே நின்றது. இம்முறை காரும் நேரே ஓடியது. தேய்ந்த ரயர் மட்டும் திரும்பி வரவில்லை.

இத்தகைய வேலையில் ஈடுபடுவோர் மறக்கலாகாதவை சில உண்டு. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே ஒருபோதும் புகலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புக வேண்டும். அமுக்கிய சுருள் ஸ்பிரிங்கில் உயிரைக் குடிக்கும் வலிமை அடங்கியிருக்கிறது. உரிய கருவியின்றி அதனைக் கழற்றலாகாது. நீளம் மாற்றக்கூடிய புயங்களின் பூட்டு நட்டுகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும். வழுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடும் முன்நோக்கும் கமராவும் பூட்டிய புதிய கார்களில், சில்லுகளைத் திருத்தியபின் அவற்றுக்கும் புதிய நேர்க்கோட்டை அறிவிக்க வேண்டியிருக்கும். அறிவிக்காவிட்டால் அவை பழைய கோணலையே நேர் என்று நம்பியிருக்கும்.

காரை விருப்பம்போல் மாற்றியமைப்பதில் தவறில்லை. ஆனால் மாற்றிய ஒவ்வோர் உறுப்பும் வேறு சில உறுப்புகளையும் தொடுகின்றது என்பதை உணர வேண்டும். சாரதியின் கண்முன் இருப்பது சுக்கான். கண்ணுக்குத் தெரியாமல் பின்னே உருள்வன இரண்டு சில்லுகள். பின் ஆசனத்தில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டு வரும் மழையிரவில், அவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பதில் அந்த இரண்டு சில்லுகளுக்கும் பாதிப் பங்கு உண்டு. புதிய ஸ்பிரிங் வாங்கச் செலவிடும் பணத்தோடு, நான்கு சில்லுகளையும் முறைப்படி அளப்பதற்கான சிறு செலவையும் சேர்த்தே கணக்கிடுவதுதான் அறிவுடைமை.